வரி கட்டினால்தான் பணம் வருமா?

போன வாரம் தெரிந்த அண்ணன் ஒருவர் போனை நீட்டினார். திரையில் ஒரு பங்கு வர்த்தக ஆப், அதில் அவர் கணக்கில் 41 லட்சம். அவர் போட்டது 6 லட்சம். "வரியை மட்டும் கட்டிட்டா எடுத்துக்கலாம்னு சொல்றாங்க தம்பி. நகையை வெக்கட்டுமா?" என்றார். நான்கு வருடத்துக்கு முன் நானும் இதே இடத்தில்தான் நின்றேன். இப்படிப் போலி ஆப்பில் சிக்குபவர்கள் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன். ஓடிபி சொல்லக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் பணம் திரும்பி வந்ததும் நம்புவது

10,000 போட்டு, 3,000 எடுத்துப் பார்த்தேன். உடனே வங்கிக்கு வந்தது. என் பணத்தில் கொஞ்சத்தைத்தான் எனக்கே தந்திருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில் ஒன்றரை லட்சம் வரை போட்டேன்.

எடுப்பதற்கு முன் 'வரி' கட்டுவது

இதை நினைத்தால் இன்னும் எரிகிறது. ஆப்பில் 3.8 லட்சம் காட்டியது. எடுக்கப் போனால், லாபத்துக்கு 20 சதவீத வரியாக 46,000 கட்டச் சொன்னார்கள். "அதிலேயே கழித்துக்கொள்ளுங்கள்" என்றேன். "செபி விதி அனுமதிக்காது" என்று பதில் வந்தது. செபி என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு; அதில் அப்படி ஒரு விதியே கிடையாது. பங்கு விற்ற லாபத்துக்கான வரியை நாம்தான் வருமான வரித்துறைக்குக் கட்டுகிறோம், தரகருக்கு அல்ல. பரிவர்த்தனை வரி, முத்திரைத் தீர்வை எல்லாம் ஒவ்வொரு வர்த்தகத்தின்போதும் கணக்கிலேயே கழிந்துவிடும். லாபத்தைத் தர, புதிதாகப் பணம் போடு என்று எந்தத் தரகரும் கேட்க மாட்டார்.

கட்டினேன். அடுத்து, கணக்கு முடக்கத்தை நீக்க 20,000 என்றார்கள். அதையும் கட்டினேன். ஒன்றரை லட்சம் ஏமாந்து போனது. இந்த 66,000 மட்டும் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, இல்லாத பணத்தை எடுக்க நானே கொண்டுபோய்க் கொடுத்தது.

செபி எண்ணைப் பார்த்ததும் நம்புவது

எனக்கு அனுப்பிய சான்றிதழில் இருந்த செபி பதிவு எண் நிஜம்தான், ஆனால் வேறொரு நிறுவனத்துடையது. செபி தளத்தில் அந்த எண்ணைத் தேடி, அங்கே உள்ள தொலைபேசிக்குப் பேசுங்கள். பணம் போகும் கணக்கின் பெயரையும் பாருங்கள். என் பணம் ஒருமுறை ஒரு மரக்கடை கணக்குக்குப் போனது, அடுத்த முறை ஒரு ஜவுளிக்கடைக்கு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பங்கு எங்கே இருக்கிறது என்று பார்க்காதது

ஆப்பில் தெரிவது வெறும் எண். உங்கள் பெயரில் வாங்கிய பங்கு, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல் நிறுவனத்தில், டீமேட் என்ற பங்குக் கணக்கில் இருக்கும்; வாங்கிய மாதத்துக்கான அறிக்கை மின்னஞ்சலுக்கு வரும். அண்ணனுக்கு டீமேட் கணக்கே கிடையாது.

ஐபிஓ ஒதுக்கீட்டுக்குப் பணம் அனுப்புவது

ஐபிஓ என்பது ஒரு நிறுவனம் முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிடுவது. அதற்கு யாருக்கும் பணம் அனுப்பவே வேண்டாம். பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே நிறுத்தி வைக்கப்படும். பங்கு கிடைத்தால்தான் கழியும்.

மீட்டுத் தருகிறேன் என்பவரிடம் போவது

அதுவும் மோசடிதான்.

வெட்கப்பட்டுக் காத்திருப்பது

நான் 11 நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதற்குள் பணம் கணக்கு கணக்காக மாறி எங்கோ போய்விட்டது. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குச் சீக்கிரம் அழைத்தால், இன்னும் கைமாறாத தொகையை வங்கியில் முடக்க வாய்ப்பு உண்டு. அண்ணன் கடைசியாக 2 லட்சம் அனுப்பியது முந்தின நாள் சாயங்காலம். நகை பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து 1930-க்குப் போட்டோம். அவர் வங்கி ஆப்பைப் பார்த்து, ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள யுடிஆர் என்ற அடையாள எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் போனில் சொல்லச் சொல்ல, எதிர்முனையில் குறித்துக்கொண்டார்கள்.