ஒரே டிஸ்க்கில் நாலைந்து லைவ் லினக்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேப்டாப், கம்ப்யூட்டர் சரிசெய்து கொடுப்பவர்களின் பையில் எப்போதும் ஒரு பென் டிரைவ் இருக்கும். பார்ட்டிஷனைத் திருத்த ஜிபார்ட்டெட், ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகலெடுக்க குளோன்ஸில்லா, ராமைச் சோதிக்க மெம்டெஸ்ட், பூட் ஆகாத விண்டோஸிலிருந்து ஃபைல்களை மீட்க உபுண்டுவோ மிண்ட்டோ. நான்கையும் ஒரே பென் டிரைவிலோ டிவிடியிலோ வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் பல நாள் கைகொடுக்கும். செய்யும்போது நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: ஒவ்வொரு லைவ் சிஸ்டமும் (கம்ப்யூட்டரில் நிறுவாமல் டிஸ்க்கிலிருந்தே நேரடியாக ஓடுவது) அந்த டிஸ்க் முழுக்கத் தனக்கே சொந்தம் என்ற எண்ணத்தில் தயாரிக்கப்பட்டது. அதே வீட்டில் இன்னொருவரும் குடியிருக்கிறார் என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

ஒன்றின் மேல் இன்னொன்றை எழுதுவது

இதை நானும் செய்திருக்கிறேன். உபுண்டு ஐஎஸ்ஓவை (ஒரு டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாக அடக்கிய நகல்) எட்சர் என்ற மென்பொருள் மூலம் பென் டிரைவில் எழுதினேன், வேலை செய்தது. இன்னும் இடம் இருக்கிறதே என்று மிண்ட்டையும் எழுதினேன். உபுண்டு போய்விட்டது. எட்சர், டிடி கட்டளை போன்றவை ஐஎஸ்ஓவை ஃபைலாகக் காப்பி செய்வதில்லை. அதன் முதல் பைட்டில் தொடங்கிக் கடைசி பைட் வரை, டிஸ்க்கின் ஆரம்பத்திலிருந்தே பதிக்கின்றன. பழைய பார்ட்டிஷன் அட்டவணை, பூட் பகுதி எல்லாம் புதிய ஐஎஸ்ஓவுடையதாக மாறிவிடும். டிடி பயன்படுத்துபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: எழுதும் முன் எல்எஸ்பிஎல்கே கட்டளை கொடுத்து டிஸ்க்கின் அளவைப் பாருங்கள். டிஸ்க்கின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் லேப்டாப்பின் சொந்த ஹார்ட் டிஸ்க்கே அழிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுவது

சரி, ஐஎஸ்ஓக்களைத் திறந்து உள்ளே இருப்பதைக் காப்பி செய்துவிடலாமே என்பது அடுத்த யோசனை. ஜிபார்ட்டெட், குளோன்ஸில்லா இரண்டுமே டெபியன் என்ற லினக்ஸின் லைவ் முறையில் கட்டப்பட்டவை. இரண்டும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலையும், ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கப்பட்ட சிஸ்டம் ஃபைலையும் 'லைவ்' என்ற ஒரே பெயருள்ள ஃபோல்டரில் வைத்திருக்கின்றன. ஃபைல் பெயர்களும் ஒன்றுதான். இரண்டாவதைக் காப்பி செய்யும்போதே முதலாவது அழிந்துவிடும். உபுண்டுவுக்கும் மிண்ட்டுக்கும் இதே மோதல் 'கேஸ்பர்' ஃபோல்டரில் நடக்கும்.

ஃபோல்டர் பெயரை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். தீராது. ஏன் என்று புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல்கள் தானாக விலகிவிடும் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

லைவ் சிஸ்டம் இரண்டு கட்டமாக எழுகிறது. முதலில் கிரப் போன்ற பூட்லோடர் மெனுவைக் காட்டி, கெர்னலையும் இனிட்ஆர்டி என்ற சிறு ஆரம்ப சிஸ்டத்தையும் ராமில் ஏற்றுகிறது. கிரப்புக்கு ஐஎஸ்ஓ ஃபைலுக்குள்ளேயே நுழைந்து படிக்கத் தெரியும். ஆனால் கெர்னல் ஓடத் தொடங்கிய நொடியில் கிரப்பின் வேலை முடிந்தது. அது கண்டுபிடித்து வைத்திருந்த பாதை எதுவும் கெர்னலுக்குத் தெரியாது. இனிட்ஆர்டி மறுபடியும் முதலிலிருந்து ஒவ்வொரு டிஸ்க்காகத் துழாவி, வழக்கமான ஃபோல்டர் எங்கே என்று தேடுகிறது. கிடைக்காவிட்டால் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று காட்டி ஒரு கருப்புத் திரையில் நின்றுவிடும். ஐஎஸ்ஓ கெட்டுப்போய்விட்டது என்று பலர் மறுபடி டவுன்லோடு செய்யப் போவது இந்த இடத்தில்தான். ஐஎஸ்ஓவில் பிழையே இருக்காது.

ஆகவே கிரப்பின் அமைப்பு ஃபைலில் உள்ள கெர்னல் வரியிலேயே இடத்தைச் சொல்லிவிட வேண்டும். உபுண்டு வகைக்கு 'ஐஎஸ்ஓ-ஸ்கேன்/ஃபைல்நேம்', டெபியன் வகைக்கு 'ஃபைண்ட்ஐஎஸ்ஓ', ஃபோல்டரை மட்டும் மாற்றியிருந்தால் 'லைவ்-மீடியா-பாத்'. ஃபெடோராவோ டிஸ்க்கின் லேபிளைப் பார்த்துத் தேடும். லேபிள் ஓர் எழுத்து பிசகினாலும் எழாது. ஒன்றுக்கு எழுதிய வரியை இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டுவதுதான் இந்த வேலையில் நான் அதிகம் பார்த்த தவறு.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு வென்டாய் இருக்கிறது. பென் டிரைவில் ஒருமுறை நிறுவிவிட்டு, ஐஎஸ்ஓக்களைச் சாதாரண ஃபைல் போலக் காப்பி செய்தால் போதும். மேலே சொன்ன வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். பென் டிரைவ் என்றால் என் பரிந்துரை இதுதான். புதிய பதிப்பு வரும்போது மட்டும் 'இன்ஸ்டால்' பட்டனை அழுத்தாதீர்கள், அது எல்லாவற்றையும் அழித்துவிடும். 'அப்டேட்' கொடுங்கள். அப்புறம், ஐஎஸ்ஓ வைக்கும் பகுதியை எஃப்ஏடி32 என்ற ஃபைல் அமைப்பாக மாற்றாதீர்கள். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. உபுண்டு 24.04 டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கும் மேல். வென்டாய் தானாகத் தரும் எக்ஸ்ஃபேட்டே சரி.

டிவிடியில் செய்யும்போது

டிவிடி மேல் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும். கம்ப்யூட்டர் 1024-ஆல் வகுத்துக் காட்டும் கணக்கில் அது சுமார் 4.37 மட்டுமே. இந்த இடைவெளியை மறந்துவிட்டு ஐஎஸ்ஓக்களைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒன்று வெளியே நிற்கும். ஜிபார்ட்டெட், குளோன்ஸில்லா, பப்பி லினக்ஸ் மாதிரி சிறியவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு தவறு நுட்பமானது. டிவிடியின் அடிப்படை வடிவமான ஐஎஸ்ஓ 9660, அதன் முதல் நிலையில், ஃபைல் பெயருக்கு எட்டு எழுத்தும் பின்னொட்டுக்கு மூன்று எழுத்தும் மட்டுமே அனுமதிக்கிறது. டிஸ்க்கைத் தயாரிக்கும்போது நீண்ட பெயர்களை அனுமதிக்கும் ராக் ரிட்ஜ் வசதியைச் சேர்க்க மறந்தால் 'ஃபைல்சிஸ்டம்.ஸ்குவாஷ்எஃப்எஸ்' என்ற நீண்ட பெயர் வெட்டப்படும். மெனு அழகாக வரும், அதற்குமேல் நகராது.

கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள் பழைய மெஷினில் பயாஸ், புதியதில் யூஇஎஃப்ஐ. பழைய பயாஸுக்கான பூட் பகுதியை மட்டும் சேர்த்துவிட்டு யூஇஎஃப்ஐ பகுதியை விட்டுவிடுவதும் உண்டு. அப்படிச் செய்த டிஸ்க் பழைய மெஷினில் ஓடும், புதிய லேப்டாப் கண்டுகொள்ளவே செய்யாது. டிவிடி-ஆர் ஒருமுறைதான் எழுத வரும் என்பதால், எழுதும் முன் க்யூஎம்யூ என்ற மெய்நிகர் கம்ப்யூட்டரில் ஐஎஸ்ஓவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

செக்யூர் பூட்டை யோசிக்காமல் அணைப்பது

இதைத்தான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இங்கே இழப்பு நம்முடையது அல்ல, நம்மை நம்பி லேப்டாப்பைக் கொடுத்தவருடையது. பென் டிரைவ் பூட் ஆகவில்லை என்றதும் பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை (கையெழுத்திட்ட பூட்லோடரை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) அணைப்பது பலருக்குக் கைப்பழக்கம். அந்த விண்டோஸில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் என்க்ரிப்ஷன் இயங்கிக்கொண்டிருந்தால், அடுத்த முறை விண்டோஸ் திறக்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பல லேப்டாப்களில் வாங்கும்போதே என்க்ரிப்ஷன் இயங்கிக்கொண்டிருக்கும். சொந்தக்காரருக்கே அது தெரியாது. சாவி பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதலில் அதை எடுத்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயாஸைத் தொடுங்கள். சாவி கிடைக்காவிட்டால் அந்த மெஷினில் எதையும் மாற்றாதீர்கள். உபுண்டு, ஃபெடோராவின் ஐஎஸ்ஓக்களைத் தனியாக எழுதினால் செக்யூர் பூட் இயங்கும்போதே எழும்.

சரிபார்க்காமல் விடுவது

2016 பிப்ரவரியில் லினக்ஸ் மிண்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் டவுன்லோடு இணைப்பைப் பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஷா256 கூட்டுத்தொகையைப் பார்ப்பது டவுன்லோடில் ஏற்பட்ட சேதத்தைக் காட்டும். அந்தக் கூட்டுத்தொகையில் தயாரிப்பாளர்கள் இடும் ஜிபிஜி மின்கையெழுத்தையும் பார்த்தால்தான் வேறொருவர் மாற்றினாரா என்பது தெரியும். ஒரே பென் டிரைவ் பலர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் போகப்போகிறது என்னும்போது இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம்பிடிக்கக் கூடாது. மலிவாகக் கிடைத்த பென் டிரைவ் என்றால் அதன் கொள்ளளவையும் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ கொண்டு சோதியுங்கள். 64 ஜிபி என்று பொய்யாகக் காட்டும் டிரைவில் கடைசியாகப் போட்ட ஐஎஸ்ஓக்கள் வெறும் குப்பையாக இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் மெனுவைப் பார்த்துத் திருப்தியாகிவிடாதீர்கள். மெனு வந்தால் முதல் கட்டம் மட்டும்தான் சரி. பழைய பயாஸ் மெஷின் ஒன்று, யூஇஎஃப்ஐ மெஷின் ஒன்று என இரண்டிலும் செருகி, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் அதன் கடைசித் திரை வரை ஓட்டிப் பார்த்த பிறகே பைக்குள் போடுங்கள்.