பிஎச்பியில் ஆப்ஜெக்ட்டை அரேயாக மாற்றும்போது

பிஎச்பி என்ற நிரல்மொழியில் மாறியின் முன்னால் அடைப்புக்குறிக்குள் அரே என்று எழுதினாலே ஆப்ஜெக்ட் அரேயாகிவிடும் என்று பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அது மேலடுக்கை மட்டுமே மாற்றுகிறது, உள்ளிருக்கும் ஆப்ஜெக்ட்டுகள் அப்படியே இருக்கும். பிரைவேட் (கிளாஸுக்கு உள்ளிருந்து மட்டுமே அணுகக்கூடிய) பண்புகளின் கீகளோ, கண்ணுக்குத் தெரியாத இரண்டு நல் (null) எழுத்துகளுக்கு நடுவே கிளாஸின் பெயரை முன்னொட்டாகக் கொண்டு வருவதால், பண்பின் பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால் மதிப்பு கிடைக்காது.

எல்லா அடுக்குகளும் மாற வேண்டுமெனில், ஜேசான் (JSON, தரவை உரையாக எழுதும் வடிவம்) ஆக என்கோட் செய்து, கிடைத்ததை ஜேசான் டிகோடின் இரண்டாவது அளவுருவில் ட்ரூ கொடுத்து மீட்பதே எளிய வழி. வழக்கமாக இதில் பப்ளிக் பண்புகள் மட்டுமே வரும்; 10.0 என்ற தசம எண்ணும், தனி ஃபிளாக் கொடுக்காவிட்டால், 10 என்ற முழு எண்ணாகத் திரும்பும் (விலைக் கணக்கு எழுதுவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்). தரவே ஜேசானாக வருகிறதென்றால், முதலில் டிகோட் செய்யும்போதே ட்ரூ கொடுத்துவிடுங்கள்.