ஆள் அருகிய ஒரு மாவட்டத்தின் மக்கள்தொகை விவரத்தை வாசிக்கும் முறை: லாஹௌல்-ஸ்பிதியை முன்வைத்து

மாவட்டக் குறிப்பு எழுத உட்காருபவர்கள் பொதுவாகப் பரப்பளவு, மக்கள்தொகை, அடர்த்தி என்ற மூன்று எண்களை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறார்கள். நெருக்கமாக மக்கள் வாழும் சமவெளி மாவட்டத்துக்கு அது ஓரளவு போதும். இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி போன்ற மாவட்டத்துக்கோ அந்த மூன்று எண்களும் சரியாக இருந்தாலும் கிடைக்கும் சித்திரம் பிழையாகிவிடும். சுமார் 13,800 சதுர கிலோமீட்டர் பரப்பும், 2011 கணக்கெடுப்பின்படி 31,564 மக்களும் கொண்ட இந்த மாவட்டம், மாநில நிலப்பரப்பில் ஏறத்தாழக் கால்பங்கை அடைத்துக்கொண்டு, மாநில மக்களில் அரை விழுக்காட்டுக்கும் குறைவானவர்களைக் கொண்டிருக்கிறது.

எண்களைத் தொடுவதற்கு முன் ஆறுகளை வரைந்துகொள்ள வேண்டும். பாரலாச்சா கணவாய்ப் பகுதியில் பிறக்கும் சந்திரா, பாகா என்ற இரு ஆறுகளும் தண்டியில் கூடிச் சந்திரபாகாவாகின்றன. கீழே போகப் போக அதுவே செனாப். இது லாஹௌல். குன்சும் கணவாய்க்குக் கிழக்கே, சத்லஜை நோக்கி ஓடும் ஸ்பிதி ஆற்றின் பள்ளத்தாக்கு தனி உலகம். மாவட்டத் தலைநகர் கேலாங் லாஹௌலில் இருக்கிறது. ஸ்பிதியின் நிர்வாக மையம் காசா. குன்சும் கணவாய் சுமார் 4,550 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அது பனியால் மூடிய மாதங்களில் காசாவிலிருந்து கேலாங்குக்குத் தரைவழியே போக வேண்டியவர் அண்டை மாவட்டமான கின்னௌர் வழியாக இறங்கி, மலைகளைச் சுற்றிக்கொண்டு, மணாலியிலிருந்து மறுபடி ஏற வேண்டும். ஆகவே தொலைவுகளைக் குறிக்கும்போது கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என இரண்டு எண்கள் எழுதுவதே முறை.

அடுத்து, மொத்த எண்ணை உடைக்க வேண்டும். லாஹௌல் பக்கம் ஏறத்தாழ 19,000 பேர், ஸ்பிதி பக்கம் 12,500 பேர். லாஹௌலுக்குள்ளும் தண்டிக்கும் உதய்பூருக்கும் இடைப்பட்ட பட்டன் பள்ளத்தாக்கே விளைச்சலும் குடியிருப்பும் மிகுந்தது. கிராமப் பட்டியலில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தாலும் அவற்றில் கணிசமானவை வருவாய்ப் பதிவேட்டில் மட்டும் இருக்கும் ஆளில்லா ஊர்கள்; அவற்றைக் கழிக்காமல் ‘ஒரு கிராமத்துக்குச் சராசரி இத்தனை பேர்’ என்று எழுதுவது வெறும் வகுத்தல் பயிற்சி. நகரம் என்று வகைப்படுத்தப்பட்ட ஊர் எதுவும் இல்லாததால், 2011-இல் மொத்த மக்களும் கிராம மக்களாகவே கணக்கில் வந்தார்கள்.

அடர்த்தி என்ற எண்ணைத்தான் மிகவும் ஐயத்தோடு அணுக வேண்டும். 2001-இல் மக்கள்தொகை 33,224. அப்போதும் அடர்த்தி 2 என்றே அச்சானது, 2011-இலும் 2 என்றே அச்சானது. பத்தாண்டில் 1,660 பேர், அதாவது 5 விழுக்காட்டினர், குறைந்தது அந்த முழு எண்ணுக்குள் மறைந்துவிட்டது. எனவே இத்தகைய மாவட்டங்களில் தசமத்தோடு, 2.4, 2.3 என்று எழுதுங்கள். அத்துடன், பனியாறும் பாறையும் மனிதர் குடியேற முடியாத உயரங்களும் பரப்பளவில் சேர்ந்திருப்பதை நினைவில் கொள்ளுங்கள். குடியிருக்கத்தக்க நிலம் 5 விழுக்காடு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அதே மக்கள்தொகைக்கு அடர்த்தி 45-ஐத் தாண்டிவிடும். இரண்டு எண்களுமே உண்மை. எந்த நிலத்தால் வகுத்தோம் என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு.

கணக்கெடுத்த மாதத்தைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு, ஆனால் இந்த மாவட்டத்தின் புதிர்கள் பெரும்பாலும் அங்கேதான் அவிழ்கின்றன. நாட்டின் மற்ற பகுதிகளுக்கு 2011 மார்ச் 1 அடிப்படை நாளாக (எந்த நாளின் நிலவரப்படி மக்கள் எண்ணப்படுகிறார்களோ அந்த நாளாக) இருக்க, பனி சூழும் பகுதிகளில் 2010 செப்டம்பரிலேயே கணக்கெடுப்பு நடந்தது. அடிப்படை நாள் அக்டோபர் 1. சாலைப்பணி மும்முரமாக நடக்கும், வெளிமாநிலத் தொழிலாளர்கள் முகாமிட்டிருக்கும் பருவம் அது. ஆயிரம் ஆண்களுக்கு 903 பெண்கள் என்ற பாலின விகிதத்தைப் பார்த்ததும் பெண் சிசு வெறுப்பு என்று முடிவுகட்டுபவர்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே அதே விகிதம் 1,000-ஐத் தாண்டியிருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனியாக வந்து தங்கும் ஆண் தொழிலாளர்களே இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம் என்று கருத இடமிருக்கிறது. முப்பதாயிரம் பேர் உள்ள மாவட்டத்தில் சில முகாம்கள் இடம் மாறினாலே வளர்ச்சி விகிதம் அசைந்துவிடும் என்பதால், 5 விழுக்காட்டுச் சரிவை முழுவதும் உள்ளூர்க் குடும்பங்களின் வெளியேற்றமாக வாசிப்பதும் அவசரம்தான். சரிபார்க்க, அங்கேயே வசிப்பவர்களைப் பதிவுசெய்யும் வாக்காளர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்: மாவட்டம் முழுவதும் ஒரே சட்டமன்றத் தொகுதியாக இருப்பதால் ஒப்பீடு எளிது.

கடைசியாக, பழைய எண்களையும் புதிய எண்களையும் ஒரே அட்டவணையில் வைக்கும்போது, 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதையை அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டும். மணாலிக்கும் லாஹௌலுக்கும் இடையிலுள்ள ரோதாங் கணவாய் மூடினால் துண்டிக்கப்பட்டிருந்த லாஹௌலுக்கு அது குளிர்கால வழியைத் திறந்தது. ஸ்பிதிக்கும் லாஹௌலுக்கும் இடையே குன்சும் இருந்தபடியே இருக்கிறது. 2027 கணக்கெடுப்புக்கும் பனிப் பகுதிகளின் அடிப்படை நாள் 2026 அக்டோபர் 1 என்றே அறிவிக்கப்பட்டிருப்பதால், அட்டவணையின் தலைப்பில் ஆண்டை மட்டும் எழுதாமல் நாளையும் எழுதுங்கள்.