டேட்டிங் செயலியில் பழகியவர் அவதூறு பரப்பினால் எந்தக் கதவை முதலில் தட்டுவது?

டேட்டிங் செயலியில் இரண்டு மாதம் பேசி, ஒரே ஒரு முறை காபிக் கடையில் சந்தித்து, ஒத்துவராது என்று நீங்கள் விலகிய ஒருவர், "இந்த ஆளிடம் ஜாக்கிரதை, காசு பறிக்கிற கூட்டம்" என்ற வரியுடன் உங்கள் புகைப்படத்தை உங்கள் சக ஊழியர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இந்த நிலையில் பலர் அன்று மாலையே காவல் நிலையத்துக்குப் போய், "அவதூறு" என்று தலைப்பிட்டு மனு எழுதிக் கொடுத்து, "இது கோர்ட்டுல பாக்க வேண்டிய விஷயம்" என்ற பதிலுடன் திரும்பி வருகிறார்கள். தட்டிக்கழிப்பதுபோலத் தோன்றினாலும் அந்தப் பதில் சட்டப்படி சரியே. இந்தியாவில் அவதூறு என்பது பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத குற்றம். பாதிக்கப்பட்டவர் குற்றவியல் நடுவர் முன் நேரடியாகப் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும். ஆகவே நடந்ததற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். எங்கே போக வேண்டும் என்பதை அந்தப் பெயரே முடிவு செய்யும்.

உங்களுக்கு மட்டும் அனுப்பப்பட்ட வசவு, எவ்வளவு கீழ்த்தரமாக இருந்தாலும், அவதூறு ஆகாது. உங்களைப் பற்றிய குற்றச்சாட்டு மூன்றாவது நபர் ஒருவரையாவது சென்றடைந்திருக்க வேண்டும். அது உங்களைத்தான் குறிக்கிறது என்று அவர் புரிந்துகொண்டிருக்க வேண்டும். உங்கள் நற்பெயரைக் கெடுக்கும் எண்ணத்துடனோ, கெடும் என்று தெரிந்தோ அது சொல்லப்பட்டிருக்க வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு இதைக் கூறுகிறது. தண்டனை இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவையும் தண்டனையாக விதிக்கப்படலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளை மேற்கோள் காட்டும் மாதிரி மனுக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. புதிய சம்பவத்துக்கு அவற்றை நகலெடுக்க வேண்டாம்.

அதே சம்பவத்தில் வேறு குற்றமும் கலந்திருந்தால் நிலைமை மாறிவிடும். உங்கள் பெயரிலும் படத்திலும் போலிக் கணக்கு தொடங்கியிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளும், அந்தரங்க உறுப்புகள் தெரியும் படத்தை அனுமதியின்றி வெளியிட்டிருந்தால் 66இ பிரிவும், வெளிப்படையான பாலியல் காட்சி என்றால் 67ஏ பிரிவும் பொருந்தக்கூடும். "பணம் தராவிட்டால் படத்தை வெளியிடுவேன்" என்றிருந்தால் அது மிரட்டிப் பணம் பறித்தல். நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவில் வரும். இவற்றுக்குக் காவல்துறை நேரடியாக எப்.ஐ.ஆர். பதிவு செய்யலாம். தேசிய சைபர் குற்ற இணையதளம் வழியாகவும் புகார் அளிக்கலாம். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். நிலையத்தில் மனு கொடுத்தால் மனு பெறப்பட்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் ஆதாரத்தைக் காப்பாற்றியாக வேண்டும். வழக்குகள் பெரும்பாலும் தள்ளாடுவது இங்கேதான் என்பது என் கருத்து. கோபத்தில் முதலில் "அன்மேட்ச்" செய்து, அதாவது செயலியில் அவருடனான இணைப்பைத் துண்டித்துவிடுகிறோம். பல செயலிகளில் அந்த ஒரே தட்டலில் உரையாடல் முழுவதும் மறைந்துவிடும். ஆகவே விலக்குவதற்கு முன், எதிராளியின் சுயவிவரப் பக்கம், பயனர் பெயர், தேதியும் நேரமும் தெரியும் உரையாடல், பதிவின் இணைய முகவரி ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை நிறுத்தாமல் திரைப்பதிவாக எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை ஓரம் வெட்டி, சிவப்பு வட்டம் போட்டு, நான்கு நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு மூலப் படத்தை அழித்துவிடும் பழக்கம் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத்தான் உதவும். குழுவில் அந்தப் பதிவைப் பார்த்தவர் தம் கைப்பேசியிலேயே அதை வைத்திருந்து, பின்னாளில் சாட்சி சொல்லவும் சம்மதித்தால், மூன்றாம் நபரைச் சென்றடைந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. மின்னணு ஆதாரத்தின் நகலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63(4) பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் மற்றொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்ட உதவும், அதிலிருந்தே கணக்கிடப்படும் குறியீடு) குறிப்பிட வேண்டும். அதனால் பதிவான கைப்பேசியை விற்கவோ மீட்டமைக்கவோ கூடாது.

பதிவை நீக்கச் சொல்லி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுவது அடுத்த வேலை. அந்தரங்கப் படம், ஆள்மாறாட்டம், மார்பிங் செய்த படம் ஆகியவற்றுக்கு 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் தொடக்கத்திலேயே அதிகபட்சம் 24 மணி நேரம் என்று கெடு வைத்தன. வெறும் எழுத்தில் வந்த அவதூறு அப்படியல்ல. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிக்கையோ இல்லாமல் அத்தகைய பதிவை நீக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. நிறுவனத்தின் முடிவில் திருப்தியில்லை என்றால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். நீக்கப்பட்ட பதிவின் விவரங்களை 180 நாட்கள் பாதுகாத்து வைக்கவும் அந்த விதிகள் கூறுகின்றன. ஆனால் அந்த 180 நாட்கள் ஓடுவது யாருக்கும் தெரியாமல்தான் ஓடும்.

இழப்பீடு கேட்பதும், இனிமேல் பரப்பக் கூடாது என்று உறுத்துக்கட்டளை பெறுவதும் உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. எழுத்து வடிவ அவதூறுக்கு இழப்பீடு கோரும் வழக்கை, அது வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும்; குற்றவியல் புகாருக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. பதிவு இன்னும் இணையத்தில் இருக்கிறதே, அதனால் காலவரம்பு தினமும் புதிதாகத் தொடங்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். முதலில் ஏற்றிய நாளிலிருந்தே கணக்கு என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013-இல் கூறியிருக்கிறது. வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பிப் பதிலுக்காகக் காத்திருக்கும் நாட்களும் அந்த ஓராண்டில்தான் கழியும். எதிராளி வசிக்கும் ஊரிலும் தொடுக்கலாம், கெடுதல் நேர்ந்த ஊரிலும் தொடுக்கலாம். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம் என்பதால், பத்து லட்சம் ரூபாய் கேட்டால் முப்பதாயிரம் ரூபாய் முதலிலேயே கட்ட வேண்டிவரும். ஆத்திரத்தில் கோடியில் எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.

போலிக் கணக்குக்குப் பின்னால் யார் என்று தெரியாதபோதும் வழக்குத் தொடுக்கலாம். அடையாளம் தெரியாத எதிர்வாதியை "அசோக் குமார்" என்று குறிப்பிட்டு உத்தரவு பெறுவது நம் நீதிமன்றங்களில் பழகிய வழிதான். கணக்கு தொடங்கியவரின் விவரங்களைத் தரும்படி நிறுவனத்துக்கு உத்தரவிடவும் அதே வழக்கில் கேட்கலாம். ஊகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழைய நண்பர் ஒருவரின் பெயரை மனுவில் எழுதிவிடாதீர்கள்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். சொன்னது உண்மை என்று நிரூபித்தால் உரிமையியல் வழக்கு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்; குற்றவியல் வழக்கில் அது பொதுநலனுக்காகச் சொல்லப்பட்டது என்பதையும் காட்ட வேண்டும். தம்மையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்துடன் எச்சரித்தேன் என்ற வாதத்துக்கும் 356-ஆம் பிரிவின் விதிவிலக்குகளில் இடமுண்டு. "கடன் வாங்கித் திருப்பித் தரவில்லை" என்பது சரிபார்க்கக்கூடிய செய்தி. "எனக்கு அவரைப் பிடிக்கவில்லை" என்பது வெறும் கருத்து. உங்கள் வழக்கு முதல் வகை வாக்கியத்தின் மீது நிற்க வேண்டும். நடுவர் நீதிமன்றத்தில், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவின்படி, புகாரை ஏற்பதற்கு முன்பே எதிராளிக்குத் தன் தரப்பைக் கூற வாய்ப்பளிக்கப்படும் என்பதால், உங்கள் பழைய உரையாடல்கள் அங்கே வாசிக்கப்படலாம். சங்கடமான வரிகள் இருந்தால் அவற்றை முதல் நாளே வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.