வேர்டில் வரவும் செலவும் பக்கம் பக்கமாக: இரண்டு அட்டவணைகளை அருகருகே வைக்கும் வழி

கோயில் திருவிழா முடிந்ததும் கணக்கை ஒரே தாளில் அடித்துப் பலகையில் ஒட்ட வேண்டும். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, அடியில் இரண்டு மொத்தமும் ஒரே மட்டத்தில். நோட்டில் என்றால் நடுவே ஒரு கோடு கிழித்தால் முடிந்தது. எம்.எஸ். வேர்டில் இரண்டாவது அட்டவணை முதலாவதற்குக் கீழேதான் போய் உட்காரும். எங்கள் ஊர்க் கணக்கை அடிக்கும் வேலை என் தலையில் விழுந்ததால், இருக்கிற வழிகளையெல்லாம் பார்த்துவிட்டேன்.

ஒரே அட்டவணையாகவே போட்டால் என்ன? போடலாம். ஆனால் வரவில் நடுவே ஒரு பெயரைச் சேர்த்தால் செலவுப் பக்கமும் ஒரு வெற்று வரிசை விழும். கடைசி நேரத்தில் யாரும் நன்கொடை கொண்டுவராத ஊராக இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தை இரண்டு காலம்களாகப் பிரிப்பதும் உண்டு. வரவு நீண்டுபோனால் மிச்சம் வலது பக்கம் வழிந்துவிடும் என்பதால் எனக்கு அது ஒத்துவரவில்லை. டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் ‘அரவுண்ட்’ கொடுத்து அட்டவணையை மவுஸால் இழுத்து வைக்கிறார்கள். மேலே இரண்டு வரி சேர்த்ததும் அது நகர்ந்துவிடுவதால் அதையும் நான் தொடுவதில்லை. என் ஓட்டு, கோடு தெரியாத ஒரு பெரிய அட்டவணைக்குள் இரண்டு சின்ன அட்டவணைகளை வைப்பதற்குத்தான்.

1. ஏ4 தாளில் இடது, வலது ஓரங்களை 1.5 செ.மீ. ஆக்குங்கள். எழுத 18 செ.மீ. கிடைக்கும்.

2. 3 வரிசை, 3 நெடுவரிசை உள்ள அட்டவணை ஒன்றைப் போடுங்கள். அகலம் முறையே 8.7, 0.6, 8.7 செ.மீ. நடுவில் உள்ள ஒடுக்கமான பகுதி வெறும் இடைவெளிதான். முதல் வரிசை தலைப்புக்கு, இரண்டாவது உள் அட்டவணைகளுக்கு, மூன்றாவது மொத்தத்துக்கு. மொத்தத்தை வெளி அட்டவணையில் வைப்பதால், வரவில் நாற்பது வரியும் செலவில் பதினைந்து வரியும் இருந்தாலும் இரண்டு மொத்தமும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

3. உள்ளே எதையும் வைப்பதற்கு முன்பே ‘நோ பார்டர்’ கொடுத்துவிடுங்கள். டேபிள் லேஅவுட்டில் ‘வியூ கிரிட்லைன்ஸ்’ போட்டால் புள்ளிக்கோடு திரையில் மட்டும் தெரியும், அச்சில் வராது.

4. இனிமேல்தான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். உள் அட்டவணையைப் போட்டு, ‘அம்மன் நகர் குடியிருப்போர் நலச்சங்கம்’ என்று ஒரு நீளமான பெயரை அடித்தால் அந்தக் கட்டம் விரியும். அது வெளி அட்டவணையையும் தள்ள, செலவுப் பக்கம் நசுங்கும். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் இந்தத் தொல்லை நமக்குக் கொஞ்சம் அதிகம். டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஆப்ஷன்ஸ்’ பட்டனை அழுத்தி, ‘ஆட்டோமேட்டிக்கலி ரீசைஸ் டு ஃபிட் கன்டென்ட்ஸ்’ என்பதில் இருக்கும் டிக்கை எடுக்க வேண்டும்.

சரி, எடுத்தும் நிற்கவில்லையா? கர்சர் உள் அட்டவணைக்குள் இருந்திருக்கும். அப்போது மாறுவது உள் அட்டவணையின் அமைப்பு மட்டுமே. நடுவில் இருக்கும் அந்த ஒடுக்கமான வெற்றுக் கட்டத்தில் ஒரு கிளிக் செய்துவிட்டு மறுபடி திறந்தால் வெளி அட்டவணையின் ப்ராப்பர்ட்டீஸ் வரும். அங்கேயும் டிக்கை எடுங்கள். அதே பெட்டியில் இடது, வலது செல் மார்ஜினை 0 ஆக்கிவிடுங்கள். அதன் பிறகு உள் அட்டவணைக்கு எண் 1, விவரம் 5.2, தொகை 2.5 செ.மீ. என்று கொடுத்தால் 8.7-க்குள் அடங்கிவிடும். தொகையை வலப்புறம் ஒட்டி வையுங்கள்.

5. உள் அட்டவணைக்குக் கீழே ஒரு வெற்று வரி ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை அழிக்க முடியாது, வேர்டின் அமைப்பே அப்படி. அதன் எழுத்தளவை 1 ஆக்கி, லைன் ஸ்பேசிங்கை ‘எக்ஸாக்ட்லி 1 பாயின்ட்’ ஆக்கினால் கண்ணுக்குத் தெரியாது.

கூட்டல் கழித்தலை எக்ஸெலில் முடித்துவிட்டு வாருங்கள். வேர்டின் ஃபார்முலா தொகையை மாற்றியதும் தானாக மாறாது, எஃப்9 அழுத்த வேண்டும். பணக் கணக்கில் அந்த விளையாட்டு வேண்டாம்.

பிறகு சேர்த்தது: ஏற்கெனவே தனித்தனியாக அடித்து வைத்த அட்டவணைகளை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று சிலர் கேட்டிருந்தார்கள். முழு அட்டவணையையும் காப்பி செய்து, கட்டத்தில் ரைட் கிளிக் செய்தால் பேஸ்ட் ஆப்ஷன்களில் ‘நெஸ்ட் டேபிள்’ இருக்கும். அதையே தேர்ந்தெடுங்கள், வெறும் கன்ட்ரோல் வி-யை நம்ப வேண்டாம்.

வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலும் இதே முறை செல்லும். அட்டவணைக்குள் கர்சரை வைத்துக் கன்ட்ரோல் எஃப்12 அழுத்தினால் உள் அட்டவணை வரும். அடிக்க அடிக்கக் கட்டம் விரியும் தொல்லை அங்கே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ரைட்டர்தான் பிடிக்கும்.

கணக்கு இரண்டாம் பக்கத்துக்குப் போனால் தலைப்பு வரிசை அங்கே திரும்ப வரவில்லை என்று இன்னொருவர் எழுதியிருந்தார். உள் அட்டவணைகளுக்கு ‘ரிபீட் ஹெடர் ரோஸ்’ வேலை செய்யாது. அவ்வளவு நீளமான கணக்கென்றால் வரவுக்குத் தனித் தாள், செலவுக்குத் தனித் தாள் போடுவதே மேல். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். வேர்ட் கோப்பாகப் போனால் சில போன்களில் செலவுப் பக்கம் வரவுக்குக் கீழே இறங்கி நிற்கும்.