மேல்சூட்டில் எலுமிச்சை மீன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேக் செய்வதற்கென்று வாங்கி, இரண்டு கேக்கோடு பரணுக்குப் போய்விட்ட, மேலும் கீழும் கம்பிகள் சூடேறும் ஓடிஜி என்ற சிறு மின்சார ஓவனை மீண்டும் இறக்கி, அதன் மேல் கம்பியின் சூட்டில், எண்ணெயில் பொரிக்காமல் அரை மணி நேரத்திற்குள் இரவுக்கு மீன் வாட்ட விரும்பும் இளையவர்கள் எங்கள் வேலூரில் பெருகி வருகிறார்கள். செய்முறையைக் கேட்டுக்கொண்டு போய், தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். உப்பு கூடுவதும் மஞ்சள்தூள் மறப்பதும் தானாகத் திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

காலையிலேயே சாற்றில் ஊறப்போடுவது

மற்ற எதையும் பொறுத்துக்கொள்ளலாம். இதை என்னால் இன்னமும் பொறுக்க முடிவதில்லை, ஏனெனில் இதில் பாழாவது பெரும்பாலும் வஞ்சிரம், கொடுவா போன்ற விலை கூடிய மீன்தான். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண், வேலைக்குப் புறப்படும் முன் வஞ்சிரத் துண்டுகளின் மேல் எலுமிச்சம்பழங்களைத் தாராளமாகப் பிழிந்து, கிண்ணத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். மாலையில் என்னைக் கூப்பிட்டு, "நல்லா ஊறட்டும்னு காலையிலேயே போட்டு வச்சிட்டேன்க்கா" என்று பெருமையோடு திறந்து காட்டினார். துண்டுகளின் ஓரங்கள் பச்சை மீனுக்குரிய பளபளப்பை இழந்து வெந்ததுபோல் வெளுத்திருந்தன. அடியில் கலங்கிய நீர் தேங்கியிருந்தது. ஒரு துண்டைத் தூக்கியபோது நடுமுள்ளைவிட்டுச் சதை தானாகக் கழன்றது. ஓவனுக்குள் சென்ற பிறகும் அது தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்ததே தவிர, நிறம் பிடிக்கவில்லை. வாயில் வைத்தால் சுண்ணாம்பைப் போல மாவாக உதிர்ந்தது.

எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம், நெருப்பின் உதவி இல்லாமலே மீனின் புரதத்தை இறுகச் செய்யக்கூடியது. பெரு நாட்டில் பச்சை மீனை அடுப்பேற்றாமல் எலுமிச்சைச் சாற்றிலேயே பக்குவப்படுத்தி உண்ணும் வழக்கம் இந்த இயல்பை நம்பித்தான் நடக்கிறது. எனவே நாள் முழுவதும் சாற்றில் கிடந்த துண்டை ஓவனில் வைப்பது, பாதி வெந்ததை மறுபடியும் வேகவைப்பதாகும். முதலிலேயே ஈரத்தை இழந்த சதை, சூடு பட்டவுடன் மிச்சத்தையும் இழந்துவிடுகிறது.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். புளி ஊறிய மீன்குழம்பு மறுநாள் கூடுதல் ருசியாக இருப்பதையும், தயிரில் ஊறிய ஆட்டுக்கறி மெத்தென்று வேகுவதையும் பார்த்து வளர்ந்தவர்கள், புளிப்பில் எது ஊறினாலும் நல்லது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். குழம்பில் மறுநாள்வரை ஊறுவது முன்பே வெந்துவிட்ட மீன். ஆட்டுக்கறியிலோ இளக்க வேண்டிய கடினமான தசைநார் நிறைய இருக்கிறது. மீனில் அது மிகக் குறைவு என்பதால் இளக்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

மணம்தான் வேண்டும் என்றால் அது சாற்றைவிடத் தோலில்தான் அதிகம். பழத்தைக் கழுவித் துடைத்து, மேலிருக்கும் மஞ்சள் நிறத் தோலை மட்டும் மெல்லிய துருவியில் சீவி, நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய், மிளகுத்தூள், நசுக்கிய பூண்டு ஆகியவற்றுடன் குழைத்து மீனில் தடவுங்கள். அந்த மணம் எண்ணெயில் கரைவது என்பதால் துண்டு முழுவதும் பரவும். அடுத்திருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும், அதுவரை சீவ வேண்டாம். உப்பைக் கால் மணி நேரம் முன்பாகத் தடவினால் போதும். சாற்றை ஓவனைவிட்டு எடுத்த பிறகு பிழியுங்கள்; வைட்டமின் சி சூட்டில் குறையக்கூடியது என்பதால் உடம்புக்கும் அதுவே நல்லது. முன்கூட்டியே பிழிந்துதான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு நான் கொடுக்கும் சலுகை பதினைந்து நிமிடம், அதற்கு மேல் இல்லை.

நாற்றத்தை எலுமிச்சையால் மறைப்பது

மீன் வாடைக்குக் காரணமான டிரைமெத்திலமின் என்ற பொருளை அமிலம் அடக்கிவிடுவதால், பழைய மீன்கூட எலுமிச்சை பட்டதும் புதியது போலத் தோன்றும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் உள்ளே, வெயிலுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இந்த மயக்கத்தில் விழக்கூடாது. குறிப்பாகச் சூரை, கானாங்கெளுத்தி போன்றவை ஐஸ் குறைந்து சூடேறினால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகும். அதை எலுமிச்சையும் நீக்காது, ஓவன் சூடும் அழிக்காது, உண்டவருக்கு முகம் சிவந்து தலைவலியும் தடிப்பும் வரும். செவுளைத் தூக்கிப் பார்த்து, சதையை அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், அந்த மாதங்களில் கடல்மீனைத் தேடி அலைவதைவிட ஏரிமீனுக்கு மாறுவது அறிவுடைமை. கட்லாவும் ரோகுவும் ருசிதான், ஆனால் சதைக்குள் கிளைத்த சிறு முட்கள் உண்டு என்பதால் புதியவர்கள் ஜிலேபி மீனை முழுதாக வாங்கி, இரு பக்கமும் கீறி வாட்டுவது எளிது.

ஈரத்தோடு வைப்பது

துடையுங்கள். ஈரம் வற்றும் வரை மீன் அவியுமே ஒழிய வாடாது.

கண்ணாடித் தட்டு, பட்டர் பேப்பர்

மேல் கம்பியின் நேரடிச் சூட்டில் முன்னது வெடிக்கக்கூடும், பின்னது தீப்பற்றக்கூடும்.

பழ வில்லைகளை மேலே அடுக்குவது

படத்தில் அழகாக இருக்கும். ஆனால் மேல் கம்பியின் சூடு மீனில் படாமல் வில்லைகள் மறைத்துக்கொள்வதோடு, கருகிய தோலின் கசப்பும் கீழே இறங்கும். ஆசைப்பட்டால் தோல் நீக்கிய சாத்துக்குடி வில்லைகளை மீனுக்கு அடியில் பரப்பிக்கொள்ளலாம். அப்போது அலுமினியத் தாளைத் தவிர்த்து, எண்ணெய் தடவிய எவர்சில்வர் தட்டைப் பயன்படுத்துங்கள். புளிப்பு அலுமினியத்தை அரித்து மீனில் உலோகச் சுவையை ஏற்றும்.

குழம்பு நேரத்துக்கு வேகவிடுவது

மேல் கம்பியைப் பத்து நிமிடம் முன்பே சூடேற்றி, மீனைக் கம்பிக்கு நான்கைந்து அங்குலம் கீழே வையுங்கள். ஓர் அங்குலக் கனமுள்ள துண்டுக்கு மொத்தம் பத்து நிமிடமே கணக்கு. அரை அங்குலத்துக்கு அதில் பாதி. தடித்த இடத்தில் கத்தி முனையை நுழைத்துப் பார்த்தால் சதை ஒளி ஊடுருவாத வெண்மையாகி, இதழ் இதழாகப் பிரிய வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 63 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். வெளியே எடுத்த பிறகும் உட்சூட்டில் வேகுவது சற்று நேரம் தொடரும் என்பதால், சோறும் தட்டும் தயாரான பின்பே மீனை ஓவனுக்குள் தள்ளுங்கள்.