அறிவியல் புனைவு அனிமேயின் முடிவை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடரின் இறுதி எபிசோடைப் பார்த்து முடித்த கையோடு "முடிவைச் சொதப்பிவிட்டார்கள்" என்று சொல்லிவிடுவது எளிது. அறிவியல் புனைவுத் தொடர்களுக்கு இந்தத் தீர்ப்பு அடிக்கடி கிடைக்கிறது. வாரக்கணக்கில் புதிர்களை அடுக்கிக்கொண்டே வந்த கதை, கடைசி இருபது நிமிடத்தில் எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்துவிட வேண்டும் என்று நாம் காத்திருப்பதே அதற்குக் காரணம். தீர்ப்பு தவறிப்போகும் இடங்களில் பெரும்பாலும் ரசனையில் குறையிருப்பதில்லை. எந்த முடிவை, எந்தக் கேள்விக்கான விடையாகப் பார்க்கிறோம் என்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் குறை. முடிவுகளை வெளிப்படையாகவே பேச வேண்டியிருப்பதால், எவாஞ்சலியன், ஸ்பேஸ் பேட்டில்ஷிப் யமாடோ, மொபைல் சூட் கண்டம், கோட் கியாஸ், ஸ்டெய்ன்ஸ் கேட், டார்லிங் இன் த ஃபிராங்ஸ் ஆகியவற்றை இதுவரை பார்க்காதவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு இதைப் படிப்பது நல்லது.

முதல் தவறு, கதைச் சம்பவங்கள் முடிவதையே தொடரின் முடிவு என்று எண்ணுவது. இதற்கு நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியனைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. ஹிடேயாகி அன்னோ இயக்கி, 1995 அக்டோபர் 4 முதல் 1996 மார்ச் 27 வரை டிவி டோக்கியோவில் 26 எபிசோடுகளாக ஒளிபரப்பான அத்தொடர், தன் கடைசி இரண்டு எபிசோடுகளில் ராட்சத இயந்திரங்களையும் அவை எதிர்த்துப் போரிடும் ஏஞ்சல்கள் என்ற விசித்திர உயிர்களையும் ஓரமாக வைத்துவிட்டு, ஷிஞ்சி இகாரி என்ற பதினான்கு வயதுச் சிறுவனின் மனத்துக்குள் போய்விடுகிறது. கல்லூரி நாள்களில் நண்பனின் கணினியில் அதை முதன்முறை பார்த்தபோது, உலகம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமலே முடித்துவிட்டார்களே என்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. சில ஆண்டுகள் கழித்து முதல் எபிசோடிலிருந்து மீண்டும் பார்த்தபோதுதான், தொடர் தொடக்கம் முதலே எழுப்பிவந்த கேள்வி வேறு என்பது விளங்கியது. ஏஞ்சல்களை யார் வெல்வார் என்பது அதன் மையக் கேள்வியே அல்ல. பிறர் தன்னை ஏற்பார்களா என்ற அச்சத்தில் ஒடுங்கிக் கிடக்கும் ஒருவன், பிறரோடு சேர்ந்து வாழச் சம்மதிப்பானா என்பதே அந்தக் கேள்வி.

இருபத்தாறாம் எபிசோடில் வரும் ஒரு காட்சியை மட்டும் நிதானமாகப் பாருங்கள். திரை முழுவதும் வெற்று வெள்ளைத் தாள். அதில் வெறும் கோட்டோவியமாக ஷிஞ்சி மிதக்கிறான். எந்தத் தடையும் இல்லாத அந்த வெளிதான் முழுச் சுதந்திரம் என்று அவனிடம் சொல்லப்படுகிறது. ஆனால் எதைப் பற்றிக்கொள்வது, எந்தத் திசையில் போவது என்று தெரியாமல் அவன் தவிக்கிறான். அப்போது தாளின் கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு கோடு இழுக்கப்படுகிறது. அது தரையாகிறது, மேல், கீழ் என்ற வேறுபாடு வந்துவிடுகிறது. கொஞ்சம் சுதந்திரம் குறைந்ததால், நிற்பதற்கு ஓர் இடம் கிடைக்கிறது. பிற மனிதர்களும் அந்தக் கோட்டைப் போன்றவர்களே என்பதை இவ்வளவு குறைந்த பொருள்களைக் கொண்டு சொன்ன காட்சியை அனிமேயில் நான் அதிகம் கண்டதில்லை. இதைப் பார்த்த பிறகும் "பணம் தீர்ந்துபோனதால் கோட்டை வரைந்து ஒப்பேற்றினார்கள்" என்று சொல்வது நியாயமாகாது. தொடரின் பிற்பகுதியில் தயாரிப்புக் கால அட்டவணை கடும் நெருக்கடிக்கு உள்ளானது உண்மைதான். ஆனால் நெருக்கடியில் பிறந்த காட்சி என்பது அதன் வரலாறு. அது என்ன சொல்கிறது என்பது வேறு விஷயம். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிவிட முடியாது.

இதன் தொடர்ச்சியாகவே அடுத்த தவறும் நேர்கிறது. 1997 ஜூலை 19 அன்று தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியன் திரைப்படம் வெளிவந்தபோது, தொலைக்காட்சி முடிவை அது ரத்து செய்துவிட்டது என்று பலர் கொண்டார்கள். இன்றும் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களிடம் "கடைசி இரண்டு எபிசோடுகளை விட்டுவிட்டு நேராகப் படத்துக்குப் போய்விடு" என்று அறிவுரை சொல்லப்படுகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். படம், வெளியுலகில் நடந்த பேரழிவைக் காட்டுகிறது. தொடர், உள்ளே நடந்த போராட்டத்தைக் காட்டுகிறது. மனிதர்கள் எல்லாரும் எல்லை கரைந்து ஒன்றாகிவிட்ட நிலையை ஷிஞ்சி இறுதியில் மறுத்து, வலித்தாலும் பரவாயில்லை, பிறர் இருக்கும் உலகமே வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறான். கைதட்டலும் வாழ்த்தும் நிறைந்த தொலைக்காட்சி முடிவும், செந்நிறக் கடலோரத்தில் இருவர் மட்டும் கிடக்கும் திரைப்பட முடிவும் ஒரே முடிவெடுப்பின் இரண்டு முகங்கள். 2021 மார்ச் 8 அன்று வெளியான இறுதித் திரைப்படத்தையும் இவற்றை அழித்துவிட்டு வந்த ஒன்றாக நான் பார்ப்பதில்லை. தன் சொந்த ஊரான ஊபேயின் ரயில் நிலையத்தில் கதையைக் கொண்டுவந்து முடிக்கும் அன்னோ, அதே கேள்விக்கு இருபத்தைந்து ஆண்டுகள் மூத்தவராக விடை சொல்கிறார்.

எந்த வடிவத்தின் முடிவைப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்தாமல் வாதம் செய்வது மிகப் பரவலான தவறு. 1978 ஆகஸ்டில் வெளியான ஃபேர்வெல் டு ஸ்பேஸ் பேட்டில்ஷிப் யமாடோ திரைப்படத்தில் கப்பலும் அதன் நாயகனும் அழிகிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் அதே கதையை எடுத்துக்கொண்டு அவர்களைப் பிழைக்க வைத்தது. எது சரியான முடிவு என்று இரு ரசிகர்கள் மோதிக்கொண்டால், இருவரும் இரண்டு வேறு படைப்புகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். கோட் கியாஸ் விவாதங்களில் இது இன்னும் மோசம். 2008 செப்டம்பரில் முடிந்த தொடரில், உலகத்தின் வெறுப்பு முழுவதையும் தன்மேல் வாங்கிக்கொண்டு நாயகன் லெலூஷ் கத்திக்குத்தில் விழுகிறான். வைக்கோல் வண்டியை ஓட்டுபவரின் முகம் தெரியாத கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொண்டு, அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு சாரார் வாதிட்டு வந்தார்கள். 2019இல் வந்த திரைப்படத்தில் அவன் மீண்டும் தோன்றியதும் "நாங்கள் சொன்னது உறுதியாகிவிட்டது" என்றார்கள். ஆனால் அந்தப் படம், தொடரைச் சுருக்கித் திருத்திய மூன்று திரைப்படங்களின் தொடர்ச்சி. தொடரில் கொல்லப்படும் ஷர்லி அந்தத் திரைப்படங்களில் உயிரோடிருக்கிறாள். ஆகவே 2019ஆம் ஆண்டுப் படம் 2008ஆம் ஆண்டு முடிவைப் பற்றி எதையும் நிரூபிக்கவில்லை. அந்தத் தொடரில் லெலூஷின் மரணம் மரணமாக இருந்தால்தான் அவன் திட்டத்துக்குப் பொருள் உண்டு என்பது என் நிலைப்பாடு.

ஒளிபரப்பு நிலைமைகளை அறியாமல் பேசுவதும் உண்டு. 1979இல் தொடங்கிய மொபைல் சூட் கண்டம் தொடருக்கு 52 எபிசோடுகள் திட்டமிடப்பட்டு, 43உடன் நிறுத்தப்பட்டது. குறைக்கப்பட்டால் முடிவு கெட்டுத்தான் போகும் என்பதில்லை. போரில் எல்லாம் இழந்த நாயகன் அமுரோ, தனக்காகக் காத்திருக்கும் தோழர்களிடம் திரும்பும் அந்த முடிவு இன்றும் நிற்கிறது. கவ்பாய் பீபாப் 1998இல் டிவி டோக்கியோவில் வந்தபோது 26இல் 12 எபிசோடுகளும் ஒரு சிறப்பு எபிசோடும் மட்டுமே ஒளிபரப்பாயின. உண்மையான முடிவை வாவாவ் தொலைக்காட்சியில்தான் பார்க்க முடிந்தது.

அறிவியல் புனைவுக்கே உரிய தவறு ஒன்று இருக்கிறது. விளக்கம் சொன்னால் நல்ல முடிவு, சொல்லாவிட்டால் ஏமாற்று வேலை என்று அளப்பது. விளக்கம் எவ்வளவு என்பதைவிட, தொடர் தானே போட்ட விதிகளுக்குள் முடிவு நிற்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். 2011இல் வந்த ஸ்டெய்ன்ஸ் கேட் முதல் எபிசோடிலேயே குரிசு என்ற பெண் இரத்த வெள்ளத்தில் கிடப்பதை நாயகன் ஒக்காபே பார்க்கிறான். இருபத்து நான்காம் எபிசோடில், காலப் பயணத்தில் அதே நாளுக்குத் திரும்பிவரும் அவன் அந்தக் காட்சியை மாற்றவில்லை. அன்று தான் கண்டது அப்படியே இருக்கும்படி, அவளை மயங்கவைத்து, போலி இரத்தம் உறைந்துபோனதால் தன் காயத்தின் இரத்தத்தையே சிந்தி, தன்னையே ஏமாற்றுகிறான். "காலப் பயணத்தால் எதையும் சரிசெய்துவிடலாம் என்று முடித்துவிட்டார்கள்" என்ற குறை இங்கே எடுபடாது. மாறாக, 2018இல் வந்த டார்லிங் இன் த ஃபிராங்ஸ் 24 எபிசோடுகளில் இருபதாவதில்தான் விண்வெளியிலிருந்து வந்த உண்மையான எதிரியை அறிமுகப்படுத்தியது. அதன் இறுதியைப் பற்றி ரசிகர்கள் கொண்ட வருத்தம் நியாயமானது. அதுவரை சிறுவர்களின் வாழ்க்கைக்குள் பொறுமையாக வளர்ந்த கதை, தான் விதைக்காத ஒன்றை அறுவடை செய்யப் போனது.

கடைசியாக, சப்டைட்டிலில் படித்ததையே பாத்திரம் பேசியதாக எண்ணும் தவறு. தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியனில், கடலோரத்தில் ஷிஞ்சியோடு கிடக்கும் அசுக்கா என்ற பெண் கடைசியாக ஜப்பானிய மொழியில் சொல்வது "கிமோச்சி வருய்". அதை "அருவருப்பாக இருக்கிறது" என்றும் கொள்ளலாம், "எனக்கு உடம்புக்கு என்னவோ செய்கிறது" என்றும் கொள்ளலாம். முதலாவதைப் படித்தவர் அவள் ஷிஞ்சியை நிராகரித்ததாக நினைக்கிறார். இரண்டாவதைப் படித்தவர் உடலும் வலியும் மீண்டும் வந்துவிட்டதன் அடையாளமாக அதைக் கேட்கிறார். 2019இல் நெட்ஃபிளிக்ஸில் எவாஞ்சலியன் தொடர் வந்தபோது, கவோரு என்ற சிறுவன் ஷிஞ்சியிடம் சொல்லும் "சுக்கி" என்ற சொல் பழைய ஆங்கில வடிவத்தில் காதலாக இருந்ததும் புதியதில் வெறும் விருப்பமாக மாறியதும் பெரும் சண்டையைக் கிளப்பின. ஆங்கிலம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது. தமிழில் "உன்னை எனக்குப் பிடிக்கும்" என்று சொன்னாலே நட்பும் காதலும் ஒருங்கே உள்ளே இருந்துகொள்கின்றன. சொன்னவர் எதை எண்ணினார் என்பதைக் கேட்டவர் பல நாள் யோசிக்கலாம். ஷிஞ்சியும் அந்த எபிசோட் முழுவதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறான்.